‘படம் எப்படி இருக்கு?’ – வாசலில் நீளும் மைக் பற்றிச் சில குறிப்புகள்

‘கங்குவா’ 2024 நவம்பர் 14இல் வெளியானது. அந்த மாதம் முடிவதற்குள் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் போயிற்று. முதல் நாள் முதல் காட்சி முடிந்து வருகிறவர்களிடம் மைக் நீட்டி ‘பப்ளிக் ரிவ்யூ’ எடுக்கும் யூடியூப்காரர்களை அரங்க வளாகத்துக்குள் விடாதீர்கள் என்பது அதன் சாரம். ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய மூன்றும் இந்த மாதிரிப் பேச்சால் அடிபட்ட படங்கள் என்று சொல்லப்பட்டது. அடுத்தது நீதிமன்றம். படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்குச் சமூக ஊடகங்களில் விமர்சனமே வரக்கூடாது என்று கேட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டி அப்படியொரு தடை போட மறுத்தது.

இந்த விவகாரம் பெரும்பாலும் ‘விமர்சகருக்கும் படைப்பாளிக்கும் நடக்கும் தகராறு’ என்றே பேசப்பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டுகோளின் முதல் பகுதியை நிதானமாக வாசித்தால், அங்கே குறிவைக்கப்படுவது விமர்சகர் அல்லர், வாசலில் வெளியே வருகிற ஆள் என்பது தெரியும். விமர்சகரை எப்படிக் கையாள்வது என்று தமிழ் சினிமாவுக்கு நெடுங்காலமாகத் தெரியும். தனிக்காட்சி போடலாம், பேட்டி தரலாம், விளம்பரத்தை நிறுத்தலாம். அதற்கும் மசியாதவரிடம் ‘நீ ஒரு படம் எடுத்துக் காட்டு’ என்று சொல்லலாம். ப்ளூ சட்டை மாறன் 2021இல் ‘ஆன்டி இண்டியன்’ எடுத்தே காட்டிவிட்டார், அதற்குப் பிறகு அந்தப் பழைய பதில் அவரிடம் செல்லுபடியாகவில்லை. ஆனால் டிக்கெட் கிழித்துக் கொடுத்து உள்ளே அனுப்பிய ஒருவர், மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ‘தலைவலி புடிச்சிருச்சு சார்’ என்று சொன்னால் அவரை என்ன செய்வது? அவருக்கு விளம்பரம் கிடையாது, பேட்டி வேண்டாம், முகவரி கூட இல்லை. அவரைக் கையாளும் தொழில்நுட்பம் தொழிலிடம் இல்லை. ஆகவே, மைக்கை வெளியேற்று.

இப்படிச் சொன்னவுடன் ‘அப்படியானால் வாசல் பேச்சு மக்களின் குரல்’ என்று கொடி பிடிக்க ஒரு கூட்டம் தயாராகிவிடும். அவசரம் வேண்டாம். அந்தப் பேச்சு எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம்.

தெருவில் போகிறவனைப் போலீஸ்காரன் ‘ஏய்’ என்று விளிக்க, அவன் திரும்பிப் பார்க்கிற கணத்தில் கருத்தியல் அவனைத் ‘தன்னிலை’ ஆக்கிவிடுகிறது என்றார் அல்தூஸர். இங்கே விளிச்சொல் ‘ப்ரோ’. ‘ப்ரோ, படம் எப்படி இருக்கு?’ திரும்பிப் பார்த்தவர் அந்தக் கணமே ‘பப்ளிக்’. அதற்கு முந்தைய நிமிடம் வரை அவர் மூத்திரம் முட்டிக்கொண்டு வண்டி நிறுத்துமிடம் தேடும் ஒரு மனிதர். படத்தைப் பற்றி அவருக்கு இன்னும் ஒரு அபிப்பிராயம் உருவாகியே இருக்காது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மறுநாள் வேலையிடத்தில் யாரோ ஒருவரிடம் பேசும்போதுதான் அது உருவாகும். மைக் அவ்வளவு நேரம் காத்திருக்காது. எனவே, தயாராக இருக்கிற சொற்களை எடுத்து அவர் கொடுத்துவிடுகிறார். ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்.’ ‘பிஜிஎம் வேற லெவல்.’ ‘கிளைமாக்ஸ்ல கூஸ்பம்ப்ஸ்.’ ‘எமோஷன் கனெக்ட் ஆகல.’ ‘ஒன் டைம் வாட்ச்.’ நூறு வாசல்களில் இதே ஐந்தாறு வாக்கியங்கள்தான்.

கருத்துக் கணிப்புகளைப் பற்றி பூர்தியு 1970களில் சொன்னது இங்கே கச்சிதமாகப் பொருந்தும். பொதுக்கருத்து என்ற ஒன்று ஏற்கெனவே எங்கோ இருப்பதில்லை, யாரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வியை எல்லோரிடமும் கேட்டு அதைத் தயாரிக்கிறார்கள் என்பது அவர் வாதம். வாசலில் கேள்வியே ஆளுக்கு ஆள் மாறுவதைக் கவனியுங்கள். இளைஞர் என்றால் ‘மாஸ் எப்படி ப்ரோ?’ சேலை கட்டிய நடுத்தர வயதுப் பெண் என்றால் ‘அம்மா, ஃபேமிலியோட பாக்கலாமா?’ அந்த அம்மாவுக்கு ஒளிப்பதிவு பற்றி ஒரு கருத்து இருக்கலாம் என்று மைக்குக்குத் தோன்றுவதே இல்லை. குடும்பத்தின் காவலாள் என்ற இடத்தில் நின்று மட்டுமே அவர் பேச முடியும். அவரும் ‘பாக்கலாம்ப்பா, ஒண்ணும் டபுள் மீனிங் இல்ல’ என்று சான்றிதழ் வழங்கிவிட்டுப் போகிறார். தணிக்கை வாரியம் கொடுக்கிற சான்றிதழுக்கு மேலே இது இன்னொரு சான்றிதழ்.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதும் யோசிக்க வேண்டியது. ‘மியூசிக் நல்லா பண்ணிருக்காரு, கேமரா நல்லா பண்ணிருக்காரு, எடிட்டிங் இன்னும் கொஞ்சம் ட்ரிம் பண்ணிருக்கலாம்’ என்று துறைவாரியாக அறிக்கை தருகிற பழக்கம் வெகுஜனப் பத்திரிகை விமர்சனத்தின் கடைசிப் பத்தியிலிருந்து வந்தது. டைட்டில் கார்டின் வரிசையே விமர்சனத்தின் வரிசையாகி, அது வாசகரின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு மதிப்பெண். ஆனந்த விகடன் 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 கொடுத்தது இன்றும் பேசப்படுகிறது. அந்த அரை மதிப்பெண் எதற்கு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வாத்தியார் பேப்பர் திருத்துகிற அதிகாரத் தோரணை அந்த அரையில்தான் இருக்கிறது. இன்று ‘அஞ்சுக்கு மூணு குடுக்கலாம் ப்ரோ’ என்கிறார் வாசலில் வருகிறவர். பிரம்பு கைமாறியிருக்கிறது. திருத்தும் முறை மாறவில்லை.

ஆனால் ‘லேக்’ என்ற சொல் எந்தப் பத்திரிகையும் சொல்லிக் கொடுத்ததல்ல. கணினியும் செல்போனும் பயன்படுத்துகிறவர்களின் சொல் அது. பட்டனை அழுத்தினேன், திரை அசையவில்லை, அதுதான் லேக். முன்பெல்லாம் ‘படம் இழுவை’ என்போம். இரண்டும் ஒன்றல்ல. ‘இழுவை’யில் படம் என்கிற வண்டி கனக்கிறது, நாம் சேர்ந்து இழுக்கிறோம். ‘லேக்’கில் நான் தயாராக இருக்கிறேன், கருவி எனக்குப் பதில் சொல்லவில்லை. பார்வையாளர் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பது இந்த ஒரு சொல்லில் மாறிப்போயிருக்கிறது. அதே போலத்தான் ‘கனெக்ட் ஆகல’. இதைச் சீரழிவு என்று தலையிலடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சினிமாவின் காலம் பற்றி நம் விமர்சன மொழி சொல்ல வராத ஒன்றை அது திக்கித் திணறிச் சொல்கிறது.

ஃபர்ஸ்ட் ஹாஃப், செகண்ட் ஹாஃப் என்ற பிரிவினையும் அப்படித்தான். படம் இரண்டு துண்டாக இருப்பது அழகியல் நியதி ஒன்றுமில்லை. இடைவேளை இருக்கிறது, இடைவேளையில் கேன்டீன் இருக்கிறது, டிக்கெட்டைவிட பாப்கார்ன்தான் அரங்கத்தை நடத்துகிறது என்று உரிமையாளர்களே சொல்லக் கேட்கிறோம். திரைக்கதையே அந்தக் கேன்டீனைச் சுற்றித்தான் வளைகிறது. வாசல் பேச்சு அதை அப்பட்டமாக எதிரொலிக்கிறது, அவ்வளவுதான்.

*

இனி அந்த மூன்று நாட்களுக்கு வருவோம். ஏன் ஒரு வாரம் இல்லை, ஏன் ஒரு நாள் இல்லை? வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு பெரிய படத்தின் வசூலில் கணிசமான பங்கு அந்த மூன்று நாட்களில் வந்துவிட வேண்டும் என்பது இன்றைய கணக்கு. அதனால்தான் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் இறக்குகிறார்கள். முன்பு பிரிண்டுகள் குறைவு. ஏ சென்டரில் ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்து, மாதக்கணக்கில் கழித்துப் பெட்டி டூரிங் கொட்டகைக்கு வரும். அந்த ஊர்க்காரர்களுக்குப் படம் வருவதற்கு நெடுநாள் முன்பே படத்தைப் பற்றிய பேச்சு வந்து சேர்ந்திருக்கும். நகரத்துக்குப் போய்வந்தவன் சொல்லுவான், பஸ்ஸில் கேட்டது, சலூனில் கேட்டது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி மக்கள் எப்போதுமே அபிப்பிராயத்தைக் கேட்டுவிட்டுத்தான் படம் பார்த்திருக்கிறார்கள். அப்போது அதனால் சினிமா செத்துப்போகவில்லை. ஆகவே, ‘பார்ப்பதற்கு முன்பே கருத்து பரப்பப்படுகிறது’ என்ற புகாரில் புதிது ஒன்றும் கிடையாது. புதியது வேறு. கருத்து பிறப்பதற்கு முன்பே விற்று முடித்துவிட வேண்டும் என்கிற வியாபார முறைதான் புதியது. காய்கறிக் கடையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறோம். ‘சொத்தைன்னு சொல்றதா இருந்தா திங்கக்கிழமை வந்து சொல்லு’ என்று எந்தக் கடைக்காரரும் கேட்டதில்லை.

கேரளத்திலும் இதே கதை வேறு விதமாக நடந்தது. 2023இல் அங்கே உயர்நீதிமன்றம்வரை போன ‘ரிவ்யூ பாம்பிங்’ புகாரில், நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2024இல் தந்த அறிக்கை, படம் வந்து 48 மணி நேரம் விமர்சனத்தைத் தள்ளிப்போடலாம் என்று யோசனை சொன்னது. அங்கே 48, இங்கே 72. கருத்துக்குச் சிறையில்லையாம், ரிமாண்ட் மட்டும்தானாம்.

நேரம் பற்றிய இன்னொரு வேடிக்கை. 2023 ஜனவரியில் ‘துணிவு’ வெளியான விடியலில் சென்னையில் ஓர் இளைஞர் லாரி மேல் ஏறி ஆடி விழுந்து இறந்தார். அதன் பிறகு நள்ளிரவு, அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு கெடுபிடி காட்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் ‘லியோ’வுக்குத் தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணி. கேரளத்தில் விடிகாலை 4 மணி. பாலக்காடு பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. தமிழ்ப் படத்தின் முதல் கருத்து வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தது. சென்னை வாசலில் மைக்கைத் தடுத்தால் இது நிற்குமா?

சரி, வாசல் பேச்சு வெறும் சூத்திரம், மைக் அதைத் தயாரிக்கிறது என்றெல்லாம் மேலே சொல்லியாயிற்று. அப்படியானால் அது பொய்யா? ‘கங்குவா’ விஷயத்தில் வாசலில் திரும்பத் திரும்பக் கேட்டது ‘சவுண்டு தாங்கல, காது போச்சு’ என்பது. இது சூத்திரத்தில் இல்லாத வாக்கியம். ‘பிஜிஎம் வேற லெவல்’ என்று சொல்லப் பழகிய வாய்கள் இதைச் சொல்லின. அதற்குப் பின் என்ன நடந்தது? ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி இரைச்சலைப் பற்றிப் பகிரங்கமாக வருத்தப்பட்டார். சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி அரங்குகளுக்குச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே அறிவித்தார். பிறகு படத்திலிருந்து சுமார் 12 நிமிடங்களை வெட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ‘இந்தியன் 2’விலும் ஏறக்குறைய அதே அளவு வெட்டு. நடிகை ஜோதிகா, சூர்யாவின் மனைவியாக அல்லாமல் சினிமாவை நேசிப்பவராக எழுதுவதாகச் சொல்லி, படத்தைத் தாங்கிப் பேசிய பதிவிலும் முதல் அரைமணி நேரம் எடுபடவில்லை, ஒலி உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டிருந்தார். (பெண்களை இழிவாகக் காட்டிய பெரிய படங்களுக்கு இந்த அளவு கடுமை ஏன் காட்டப்படவில்லை என்று அவர் அதே பதிவில் கேட்டது நியாயமான கேள்வி. யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.)

ஆக, வாசலில் நின்ற பாமரர் சொன்னதைத் தொழில்நுட்பக் கலைஞர் சொன்னார், வீட்டுக்காரர் சொன்னார், கடைசியில் தயாரிப்பாளர் கத்திரிக்கோலால் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் முதலில் சொன்னவரின் வாயை அடைக்க வேண்டும் என்கிறார்கள். உடலின் சாட்சியம் என்று ஒன்று இருக்கிறது. காது வலித்தது என்பதற்கு ரசனைப் பயிற்சி தேவையில்லை. நம் விமர்சன மரபு, சிறுபத்திரிகை மரபும் சேர்த்துத்தான், இந்தச் சாட்சியத்தைப் பொருட்படுத்தியதில்லை. எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி 1992இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதிய ஆங்கில நூலுக்குப் பின் இங்கே பிம்பங்களைக் கட்டுடைக்காதவர் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளில் எல்லாம் பார்வையாளர் பிம்பத்தில் சிக்கிய ஒரு மொத்தம். முதுகு வலிக்கிற, மூட்டைப்பூச்சி கடிக்கிற, நடுவில் எழுந்து பீடி பிடிக்கப் போகிற தனி ஆள் அங்கே அகப்படுவதில்லை.

சந்தை வெளிப் பேச்சில் புகழ்ச்சியும் வசையும் ஒரே மூச்சில் வரும், ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்க முடியாது என்று ரபெலே பற்றிய நூலில் பக்தின் காட்டுவார். வாசலில் நடப்பது அதன் சிறிய, கெட்டுப்போன வடிவம். ‘தலைவன் வெறித்தனம் ப்ரோ, ஆனா படம் மொக்கை.’ தயாரிப்பாளர்கள் வேண்டுவது இந்த வாக்கியத்தின் முதல் பாதி. அதற்கு மட்டும் மைக் தாராளமாக உண்டு. படம் வந்த மூன்றாம் நாளே ‘சக்சஸ் மீட்’ வைக்கிறவர்கள், ரசிகர் பால்குடம் எடுப்பதைத் தாங்களே படம்பிடித்து விளம்பரமாக்குகிறவர்கள், மௌனத்தையா விரும்புகிறார்கள்? காசு கொடுத்து வாங்கின ஆரவாரம் ஊரறிந்த ரகசியம். யூடியூப்காரர்களும் ஒன்றும் யோக்கியர்களில்லை. திட்டினால் அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், திட்டுகிறவரைத் தேடிப் போய் மைக் நீட்டுகிறார்கள், மற்றதை வெட்டி எறிகிறார்கள். புகழ்ச்சிக்கு ஒரு விலை, வசைக்கு ஒரு விலை. நடுவில் பேசுகிற ஆளுக்குத்தான் எதுவும் கிடைப்பதில்லை.

இந்தப் பயம் இன்று நேற்று முளைத்ததல்ல. 1944 நவம்பரில், நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதிக் காசு பார்த்த லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டதும், அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு 1947இல் விடுதலையானதும் தெரிந்த கதை. வம்புக்கும் விமர்சனத்துக்கும் இடையிலுள்ள கோட்டை அழித்துவிட்டால் பயப்படுகிறவர்களுக்கு வசதி. தயாரிப்பாளர்களின் மொழியிலும் தனிமனித அவதூறும் ‘படம் நல்லாயில்ல’ என்பதும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருந்தன. அவதூறுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காட்டி மற்றதையும் சேர்த்து அள்ளப் பார்த்தார்கள்.

கிரிக்கெட்டை ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் துலங்கும். சேப்பாக்கம் வாசலிலும் மைக் நீள்கிறது. ‘தோனி இன்னும் ஆடணுமா?’ என்று கேட்கிறார்கள். கன்னாபின்னாவென்று பதில் வருகிறது. மூன்று நாள் யாரும் பேசக்கூடாது என்று இதற்காக எந்த அணியும் நீதிமன்றம் போனதாகத் தெரியவில்லை. ஏனென்றால் அங்கே முடிவு ஸ்கோர் போர்டில் இருக்கிறது, பேச்சு அதை மாற்றாது. சினிமாவில் ஸ்கோர் போர்டே பேச்சால் ஆனது. ஆனால் கிரிக்கெட்டில் வேறோர் இடத்தில் வாய் கட்டப்பட்டிருக்கிறது, வர்ணனையாளர் அறையில். 2016இல் ஹர்ஷா போக்ளே ஐ.பி.எல். வர்ணனையிலிருந்து நீக்கப்பட்டார். 2020இல் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் வாரியத்தின் குழுவிலிருந்து நீக்கப்பட்டார், அதற்கு முந்தைய ஆண்டு ஜடேஜாவைப் பற்றி அவர் சொன்னது பெரிய சர்ச்சையாகியிருந்தது. சரியான காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை, சொல்லாமலேயே மற்றவர்களுக்குப் புரிந்தது. இப்போது தமிழ் வர்ணனையைக் கேளுங்கள். சிரிப்பு இருக்கிறது, பஞ்ச் டயலாக் இருக்கிறது, சினிமாப் பாட்டு இருக்கிறது. ஒரு நல்ல பந்தை வீணாக அடித்து ஆட்டமிழந்தவரைப் பற்றி ஒரு கசப்பான வாக்கியம் வருகிறதா? கிரிக்கெட் பாணியில் வாசலையும் வர்ணனையாளர் அறையாக்கிவிட முடியுமா என்பதுதான் சினிமாக்காரர்களின் கனவு.

நேரடிக் கச்சேரியில் வேறு மாதிரி நடந்தது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக்கு வெளியே பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி. டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், நெரிசலில் பெண்கள் சீண்டப்பட்டதாகப் புகார்கள் வந்தன. அன்றிரவே எல்லாம் வெளியே வந்துவிட்டது, ரஹ்மான் தரப்பு பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ‘மூணு நாள் கழிச்சு எழுதியிருக்கலாமே’ என்று அன்று யாரும் சொல்லவில்லை. கச்சேரிக்கு வந்தவர் பல ஆயிரம் கொடுத்த வாடிக்கையாளர், அவர் பேசியது புகார். சினிமாவுக்கு வந்தவர் ரசிகர், அவர் பேசினால் துரோகம். இரண்டு பேரும் காசு கொடுத்துத்தான் உள்ளே போனார்கள்.

அந்த ‘பப்ளிக்’ என்கிற சொல்லுக்குள் யார் யார் வரலாம்? 2023 மார்ச் 30 அன்று, சென்னையில் முதல் நாள் ரசிகர் பேட்டிகளுக்குப் பேர்போன ஒரு திரையரங்கின் வாசலில், ‘பத்து தல’ படத்துக்கு டிக்கெட் வைத்திருந்த ஒரு நரிக்குறவர் குடும்பம் உள்ளே விடப்படவில்லை. யாரோ செல்போனில் எடுத்த காட்சி பரவிய பிறகு அவர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். படம் யு/ஏ, குழந்தைகள் இருந்ததால் தடுத்தோம் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. அதே சான்றிதழ் பெற்ற படங்களுக்குக் கைக்குழந்தையோடு போகிற குடும்பங்களை நாம் வாராவாரம் பார்க்கிறோம். மைக்கும் கேமராவும் அரங்க வளாகத்துக்குள் வரக்கூடாது என்கிற கோரிக்கையை இந்தச் சம்பவத்தின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அன்று வாசலில் ஒரு கேமரா இல்லாதிருந்தால், அந்தக் குடும்பம் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கும், நமக்குத் தெரிந்திருக்கவே இருக்காது. எல்லாவற்றையும் சூத்திரமாக்குகிற அதே கருவிதான் இதையும் பிடித்தது.

மைக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நான் பார்த்தவரை எந்த வாசலிலும், எந்தச் சேனலும் அதைக் கேட்டதில்லை. ‘டிக்கெட் எவ்வளவு குடுத்து வாங்குனீங்க?’ அரசு நிர்ணயித்த விலை ஒன்று, முதல் நாள் காலையில் ரசிகர் கையிலிருந்து போகும் விலை இன்னொன்று என்பது வாசலில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். மைக் பிடித்திருக்கிற பையனுக்கும் தெரியும்.